கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்: ரொமான்டிக் நிலக்காட்சி ஓவியங்களுக்குள் நுழைய ஒரு வழி

பாறை உச்சியில் முதுகைக் காட்டியபடி ஒரு ஆள், கையில் தடி, எதிரே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. இந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், புத்தக அட்டையிலோ, யாரோ ஒருவருடைய டிபியிலோ, பொன்மொழிக்குப் பின்னணியாகவோ. காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் என்ற ஜெர்மன் ஓவியர் 1818 வாக்கில் வரைந்தது, ‘மூடுபனிப் பயணி’ என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டு அடுத்ததற்கு விரலைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் 1790களிலிருந்து 1850 வரை ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும், கொஞ்சம் தாமதமாக அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட நிலக்காட்சிகளை வரைந்த ரொமான்டிக் ஓவியர்களுக்கு அழகு மட்டும் போதவில்லை. இயற்கைக்கு முன்னால் மனிதன் எவ்வளவு சின்னவன், எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாத ஒன்று அதில் எப்படி மிச்சம் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்ப்பவரை உணர வைக்கப் பாடுபட்டார்கள். அதை எப்படிச் சாதித்தார்கள் என்று கண்டுபிடிக்க ஓவியப் படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு நல்ல படம், கொஞ்சம் நேரம், உங்கள் கட்டைவிரல், இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

என் கட்சி என்ன என்பதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஓவியர் எதை மறைத்திருக்கிறார், எதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார் என்று தேடிக்கொண்டே போனால் இந்த ஓவியங்கள் சீக்கிரம் பிடிபடும். கீழே இருக்கும் எல்லாப் படிகளும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

படி 1: ஒரே ஓவியம், சரியான படம், சரியான அளவு

தேடலில் வரும் ஐம்பது படங்களை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், எல்லாம் கலந்து வெறும் மூட்டமாகிவிடும். ஃபிரெட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’யில் தொடங்குங்கள் என்பேன். 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்தது, இப்போது பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரியில் இருக்கிறது. படத்தை அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தோ, கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் கிடைப்பவற்றில் நிறம் மாறியிருக்கும், அதைவிட மோசம், ஓரங்களை வெட்டியிருப்பார்கள். இந்த ஓவியத்தில் மேலே வானத்தைக் கொஞ்சம் வெட்டினாலும் ஓவியமே போச்சு. ஃபிரெட்ரிக் பாணியில் கணினி உருவாக்கிய போலிகளும் இப்போது தாராளமாக உலவுகின்றன, அதனால் எந்த அருங்காட்சியகம், எந்த ஆண்டு என்று போடாத படத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம் அளவு. உயரம் 110 செ.மீ., அகலம் 171.5 செ.மீ. ஒற்றைக் கட்டிலைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். முடிந்தால் சுவரில் டேப் ஒட்டி அந்தச் சட்டத்தைக் குறித்துவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டு போனில் படத்தைப் பாருங்கள். கிறுக்குத்தனமாகத் தெரியலாம், ஆனால் இந்த ஓவியங்கள் உங்கள் உடம்பின் அளவை வைத்து விளையாடுபவை, உள்ளங்கை அளவு திரையில் அந்த விளையாட்டு பாதி செத்துவிடுகிறது.

படி 2: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

தலைப்பு, விளக்கம் எதையும் படிக்காமல் முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். இதற்கு முந்தைய நிலக்காட்சி ஓவியங்களில், உதாரணத்துக்கு 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் க்ளோட் லொரேனின் படங்களில், பார்ப்பவருக்கு எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மரம், முன்னால் ஒரு பாதை, நடுவில் ஆறோ பாலமோ, தூரத்தில் நீல மலை. கண் பத்திரமாக நடந்து உள்ளே போய் வந்துவிடும்.

‘கடலோரத் துறவி’யில் அப்படி எதுவும் இல்லை. கீழே வெளிறிய மணல், அதன் மேல் மெல்லிய பட்டையாகக் கரும்பச்சைக் கடல், மீதி முக்கால் பங்குக்கும் மேல் வானம். ஓரத்தில் மரம் கிடையாது, பாதை கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இடது பக்கம் தள்ளி, மணலில் ஒரு சின்னக் கரிய உருவம் நிற்கிறது, அவ்வளவுதான். 1809இல் ஓவியரின் பட்டறையில் இதைப் பார்த்த மாரி ஃபான் க்யூகல்கன் என்ற பெண்மணி ஒரு கடிதத்தில் புலம்பித் தள்ளியிருக்கிறார்: சூரியன் இல்லை, நிலா இல்லை, இடி மின்னல்கூட இல்லை, கடலில் ஒரு படகு இல்லை, மணலில் ஒரு புல் இல்லை. அடுத்த வருடம் பெர்லின் கண்காட்சியில் இதைப் பார்த்துவிட்டு எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபான் க்ளைஸ்ட், கண்ணிமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார். ஒருவர் குறை சொல்கிறார், மற்றவர் வியக்கிறார், ஆனால் இருவருக்கும் நடந்தது ஒன்றேதான். கண்ணை மூடவும் முடியவில்லை, எங்கேயாவது வைக்கவும் முடியவில்லை. உங்களுக்கு முதல் பார்வையில் சலிப்பாக இருந்தால் கவலைப்படாதீர்கள், க்யூகல்கன் அம்மையாரின் கட்சியில் சேர்ந்திருக்கிறீர்கள், தொடர்ந்து பாருங்கள்.

இந்தச் சோதனையை வேறு ஓவியங்களிலும் செய்யலாம். படத்தின் கீழ் விளிம்பில் விரலை வைத்து, இங்கிருந்து ஒரு அடி முன்னால் எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். மூடுபனிப் பயணியில் முடியாது, பாறை அங்கேயே முடிகிறது. ‘ரூகன் தீவின் சுண்ணாம்புப் பாறைகள்’ ஓவியத்தில் தரை சரேலென்று இறங்கிப் பாதாளத்தில் விழுகிறது, ஒரு ஆள் கையை ஊன்றித் தவழ்ந்தபடி எட்டிப் பார்க்கிறார். நமக்குக் காலுக்கடியில் தரை இருக்கிறதா என்ற சந்தேகத்தை ஓவியர் வேண்டுமென்றேதான் கிளப்புகிறார்.

படி 3: ஆளைக் கட்டைவிரலால் மறையுங்கள்

இதுதான் இருப்பதிலேயே சுலபமான பயிற்சி, பலனும் இதில்தான் அதிகம். துறவியின் மேல் கட்டைவிரலை வைத்து அவரை மறைத்துவிடுங்கள். மூன்று நிறப் பட்டைகள் மிஞ்சும். வானம் பெரிதா சிறிதா, கடல் பக்கத்திலா தூரத்திலா, எதுவும் சொல்ல முடியாது. விரலை எடுங்கள், வானம் சட்டென்று மேலே எழும்பும். அவ்வளவு பெரிய வெளியை அளக்க ஓவியர் கொடுத்திருக்கும் ஒரே அளவுகோல் அந்தக் குட்டி மனிதர்தான். இயற்கையின் வலிமையைக் காட்டப் புயலோ எரிமலையோ தேவைப்படவில்லை.

மூடுபனிப் பயணியில் இதே பயிற்சி வேறு விடை தரும். அங்கே ஆள் பெரிதாக, நட்டநடுவில் நிற்கிறார். மறைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் இறங்கிவரும் மலைச்சரிவுகள் அவருடைய நெஞ்சு இருந்த இடத்தை நோக்கியே வருவது தெரியும். அதனால்தான் இவர் இயற்கையை ஆளுகிறவரா, அதற்கு முன்னால் திகைத்து நிற்பவரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முகம் தெரிந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஃபிரெட்ரிக் தன் மனிதர்களைத் திரும்பத் திரும்ப முதுகுப்பக்கமாகவே வரைந்தார், முகத்தை மறைத்துவிட்டதால் அவர் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டியதாகிறது, அவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் கிடைக்காது. இன்னொரு விஷயம், இந்த இடத்தைத் தேடிப் போனால் இப்படியே இருக்காது. டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் எல்பே ஆற்றை ஒட்டிய மணற்பாறை மலைகளில் வெவ்வேறு இடங்களில் வரைந்து வைத்த பாறைகளையும் குன்றுகளையும் பட்டறையில் உட்கார்ந்து ஒன்றாகக் கோத்திருக்கிறார். எனக்கு இந்தப் பயணியைவிடத் துறவியைத்தான் பிடிக்கும், பயணி கொஞ்சம் போஸ் கொடுக்கிறார் என்று தோன்றுகிறது. உங்களுக்கு மாறாகத் தோன்றலாம்.

படி 4: எதை எடுத்துவிட்டார் என்று தேடுங்கள்

துறவியின் கடலில் ஆரம்பத்தில் இரண்டு கப்பல்கள் இருந்தன. அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்த்ததில் அவற்றின் கோடுகள் அடியில் தெரிகின்றன. ஃபிரெட்ரிக்கே அவற்றின் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். கப்பல்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரோ வருகிறார்கள், யாரோ போகிறார்கள், துறவி வழியனுப்ப வந்திருக்கிறார் என்று உடனே ஒரு கதை பிறந்துவிடும். கதை வந்ததும் மனசு அமைதியாகிவிடும். அந்த வசதியைத்தான் அவர் நம்மிடமிருந்து பறித்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் சித்தாந்தம், பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான். 1757இல் எட்மண்ட் பர்க் என்பவர் அழகு வேறு, நம்மை மலைக்கவும் நடுங்கவும் வைக்கும் பிரம்மாண்டம் வேறு என்று பிரித்து ஒரு புத்தகமே எழுதினார். ஆபத்து நம்மை நேரடியாகத் தொடாத தூரத்தில் இருந்தால் பயமே ஒருவித இன்பமாகிவிடும் என்பது அவர் வாதம். 1790இல் ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் காண்ட் ஏறத்தாழ இதே நிபந்தனையை வைத்தார்: எரிமலையும் சூறாவளியும் நம்மை ஈர்க்க வேண்டுமானால் நாம் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். பர்க்கிடமிருந்து ஓவியம் பார்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான கருத்து ஒன்று உண்டு. தெளிவாகத் தெரிந்துவிட்ட பொருள் சிறுத்துவிடுகிறது, இருட்டிலும் மங்கலிலும் இருப்பதுதான் நம்மை ஆட்டிவைக்கிறது என்கிறார். மூடுபனி மூடிய இடம் இன்னும் பெரிதாக, இன்னும் மேலானதாகத் தெரிகிறது, கற்பனையைத் தூண்டுகிறது என்று ஃபிரெட்ரிக்கும் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே இந்த ஓவியங்களில் பனி, புகை, இருட்டு எங்கே இருந்தாலும் அங்கே நின்று, இது விலகினால் என்ன தெரியும், தெரிந்தால் ஓவியம் சின்னதாகிவிடுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு ‘பனிக்கடல்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1823-24இல் வரைந்தது, ஹாம்பர்க்கில் இருக்கிறது. பனிப்பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூர்முனையாக நிற்கின்றன. இதில் ஒரு கப்பல் இருக்கிறது, தேடுங்கள். வலது பக்கம், பனிக்கு அடியில் நசுங்கி, பின்பகுதி மட்டும் வெளியே தெரிகிறது. முதலில் பனியின் வடிவத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அந்தக் கட்டைகள் கண்ணில் படும்போது வயிற்றில் ஒரு இறக்கம் இறங்கும். மனிதர் ஒருவர்கூட இல்லை. ஃபிரெட்ரிக் துருவப் பகுதிக்குப் போனதே இல்லை, 1820-21 குளிர்காலத்தில் எல்பே ஆறு உறைந்து உடைந்தபோது மிதந்து வந்த பனித்துண்டுகளை வரைந்து வைத்திருந்தார், அதைத்தான் இங்கே மலையளவு ஆக்கினார். 1840இல் அவர் இறக்கும்வரை இந்த ஓவியத்தை யாரும் வாங்கவில்லை.

சிறு வயதில் அவருடைய தம்பி நீரில் மூழ்கி இறந்தார், 1787இல், பனி உடைந்துதான் என்று பரவலாகச் சொல்வார்கள். இந்தத் தகவலைப் படித்ததும் ஓவியத்தின் பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்று பலரும் துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சோகம் உள்ளே இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் எதிரே இருக்கும் பனி மறைந்து வாழ்க்கை வரலாறு மட்டும்தான் தெரியும்.

படி 5: டர்னரிடம் வந்தால் முறையை மாற்றுங்கள்

ஃபிரெட்ரிக் காலி செய்து மறைத்தார் என்றால் இங்கிலாந்தின் ஜே. எம். டபிள்யூ. டர்னர் கொட்டிக் கொட்டி மறைத்தார். கட்டைவிரல் வித்தை இங்கே அவ்வளவாகச் செல்லாது. முதலில் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடுங்கள், அப்போதுதான் எல்லாம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியும். அப்புறம் பெரிதாக்கி ஆட்களைத் தேடுங்கள்.

‘பனிப்புயல்: ஹானிபலும் அவன் படையும் ஆல்ப்ஸைக் கடத்தல்’, 1812, லண்டன் டேட் அருங்காட்சியகம். ஹானிபல் என்பவன் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டி ரோம் மீது படையெடுத்த பழங்காலத் தளபதி. சுருக்கிப் பார்த்தால் ஒரு பெரிய கரிய அலை வானத்திலிருந்து வளைந்து இறங்குகிறது, அதற்குள் மங்கலான மஞ்சள் சூரியன். சரி, தலைப்பில் இருக்கும் ஹானிபல் எங்கே? பெரிதாக்குங்கள். முன்னால் பாறைகளுக்கு இடையே கொள்ளையும் கொலையும் நடக்கிறது. தூரத்தில், அடிவானத்தை ஒட்டிப் பூச்சி அளவுக்கு ஒரு யானை. ஹானிபல் இருந்தால் அதன் மேல்தான் இருக்க வேண்டும். இதோடு பிரெஞ்சு ஓவியர் ஷாக்-லூயி டாவிட் 1801இல் வரைந்த, நெப்போலியன் அதே ஆல்ப்ஸைக் கடக்கும் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதிரை முன்னங்கால் தூக்கி நிற்க, மேலங்கி பறக்க, படம் முழுக்க நெப்போலியன்தான். மலை வெறும் பின்திரை. டர்னர் அதைத் தலைகீழாக்கிவிட்டார், மாவீரனை எடுத்து வானிலைக்குள் போட்டுக் கரைத்துவிட்டார். புயலை அவர் ஆல்ப்ஸில் பார்க்கவில்லை, 1810இல் யார்க்‌ஷயரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது மலைக்கு மேல் மின்னிக்கொண்டு போன புயலை ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார், இரண்டு வருடத்தில் இதை மறுபடி பார்ப்பாய், பெயர் ஹானிபல் என்றிருக்கும் என்று அந்த வீட்டுப் பையனிடம் சொன்னாராம். கண்காட்சியில் இதைத் தாழ்வாகத்தான் மாட்ட வேண்டும் என்று அடம் பிடித்ததும் சும்மா இல்லை. 146 செ.மீ. உயரமும் 237.5 செ.மீ. அகலமும் கொண்ட அந்தச் சுழல் கண்மட்டத்துக்கு வந்தால் பார்ப்பவர் அதற்குள் இழுபடுவார்.

முப்பது வருடம் கழித்து 1842இல் வந்த ‘பனிப்புயல்: துறைமுக வாயிலில் நீராவிக்கப்பல்’ இன்னும் ஒரு படி மேலே. கப்பல் எது, அலை எது, புகை எது என்று பிரிக்கவே முடியாது. சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று ஒரு விமர்சகர் கிண்டல் செய்தார். அந்தப் புயலைப் பார்க்கத் தன்னைப் பாய்மரத்தில் நான்கு மணி நேரம் கட்டி வைக்கச் சொன்னதாக டர்னரே கதை சொன்னார். அப்போது வயது அறுபதுக்கு மேல், ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதை ஓவியத்துக்குச் சரியான குறிப்பு: பர்க்கும் காண்ட்டும் சொன்ன பாதுகாப்பான தூரத்தை டர்னர் இங்கே தர மறுக்கிறார், கரையில் நின்று பார்க்க விடாமல் நம்மையும் உள்ளே கட்டிப்போடுகிறார்.

படி 6: வானத்தை வானிலையாகவும் பாருங்கள்

மர்மம் மர்மம் என்று பேசிக்கொண்டே இருந்தால் இவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பது மறந்துபோகும். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார், பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்று அடித்த திசை எல்லாம் குறித்திருக்கிறார். வானிலையைக் கவனித்து எழுதிய லூக் ஹோவர்ட் மேகங்களுக்குக் க்யூமுலஸ், சிர்ரஸ் என்று பெயர் வைத்து வகைப்படுத்திச் சுமார் 20 வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வகைப்பாட்டில் மயங்கிய கவிஞர் கதே, அதன்படி மேகங்களை வரைந்து தரச் சொல்லி ஃபிரெட்ரிக்கிடம் கேட்டு அனுப்பினார். ஃபிரெட்ரிக் முடியாது என்றுவிட்டார், சுதந்திரமான மேகங்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் நிலக்காட்சி ஓவியமே கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். வானத்தைப் பார்க்கும்போது இந்த ஓவியர் கான்ஸ்டபிள் பக்கமா ஃபிரெட்ரிக் பக்கமா என்று கேட்பது நல்ல பழக்கம்.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததும், அதன் தூசியால் 1816இல் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனதும் உண்மை. அந்தக் காலத்து ஓவியங்களின் சிவந்த அந்திவானங்களை இதோடு இணைத்து அளந்து பார்த்த விஞ்ஞானிகளும் உண்டு. சுவாரசியம்தான், ஆனால் ஒவ்வொரு மஞ்சள் வானத்துக்கும் எரிமலையைக் கூப்பிட வேண்டியதில்லை.

படி 7: இப்போது விளக்கத்தைப் படிக்கலாம்

தலைப்பு, ஆண்டு, விமர்சனம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஃபிரெட்ரிக் பற்றி எழுதுபவர்கள் நங்கூரம் என்றால் நம்பிக்கை, நிலா என்றால் கிறிஸ்து, பட்ட மரம் என்றால் மரணம் என்று அகராதி போடுவார்கள். அவர் ஆழ்ந்த புராட்டஸ்டன்ட் நம்பிக்கை உள்ளவர், அதனால் அந்த அர்த்தங்கள் பொய்யில்லை. மலையுச்சிச் சிலுவையை வைத்து அவர் 1808இல் வரைந்த நிலக்காட்சியை வழிபாட்டுப் பீடத்து ஓவியமாக வைக்கலாமா என்று ராம்டோர் என்ற விமர்சகர் பெரிய சண்டையே போட்டார். இருந்தாலும் அகராதியை முதலில் திறந்தால் ஓவியம் விடுகதையாகச் சுருங்கிவிடும், விடை கிடைத்ததும் கிளம்பிவிடுவீர்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இறக்கும்போது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த இவரை 1906இல் பெர்லினில் நடந்த ஒரு பெரிய கண்காட்சிதான் மீட்டது, அப்புறம் நாஜிகள் இவரைத் தங்கள் ஆளாகக் காட்டிக்கொண்டார்கள், அதனால் போருக்குப் பின் கொஞ்ச காலம் பெயர் கெட்டுக் கிடந்தது. ஆகவே எந்த விளக்கத்தைப் படித்தாலும் அது எழுதப்பட்ட வருடத்தையும் பாருங்கள்.

அடுத்து எதைப் பார்ப்பது

இந்தப் படிகள் பழகியதும் அமெரிக்காவுக்குப் போகலாம். நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் இருக்கும் தாமஸ் கோலின் ‘ஆக்ஸ்போ’வில் (1836) இடது பக்கம் புயலும் காடும், வலது பக்கம் வெயிலும் வயல்களும். இரண்டுக்கும் நடுவே கீழே பாறைகளுக்குள் ஓவியரே உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார், கண்டுபிடியுங்கள். ஃப்ரெடரிக் சர்ச்சின் ‘ஆண்டிஸின் இதயம்’ 1859இல் நியூயார்க்கில் தனியாக ஒரு இருட்டறையில் வைக்கப்பட்டது, 25 சென்ட் கட்டணம் கட்டி வந்தவர்கள் நாடகம் பார்க்கப் பயன்படும் சின்னத் தொலைநோக்கி வைத்து இலை இலையாகப் பார்த்தார்கள். 3 மீட்டர் அகல ஓவியம், ஜூம் செய்ய ஏற்றது. ஆனால் எல்லாமே தெரிவதால் எனக்கு அதில் மர்மம் குறைவு.

நம் பக்கத்துக் காட்சி ஒன்றை வைத்து ஒப்பிட ஆசையிருந்தால் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இருக்கிறார்கள். 1792இல் தெற்கே சுற்றி வந்தபோது பார்த்த பாபநாசம் அருவியைப் பிறகு அச்சுப்படமாக வெளியிட்டார்கள். அருவி கம்பீரமாகத்தான் விழுகிறது, ஆனால் போய் வந்த இடத்தைக் காட்டுவதுதான் நோக்கம், ஒளித்து வைக்க எதுவும் இல்லை. துறவிக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நேரில் போக வாய்ப்பு வந்தால் லண்டனில் தொடங்குவது சிக்கனம், டேட் பிரிட்டனிலும் நேஷனல் கேலரியிலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, டர்னர் தன் படைப்புகளை நாட்டுக்கே விட்டுச் சென்றதால் டேட்டில் அவர் குவிந்து கிடக்கிறார். பெர்லின், ஹாம்பர்க் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் அருங்காட்சியகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரெட்ரிக்கின் முக்கியமான ஓவியங்கள் வேறு ஊர்க் கண்காட்சிகளுக்கு இரவல் போவதுண்டு, 2024இல் அவருடைய 250-வது பிறந்த ஆண்டையொட்டி ஜெர்மனியில் சுற்றியவற்றில் சில 2025இல் நியூயார்க் வரை போய் வந்தன.